தட்டிப் பார்த்தால் தெரியும்

நம் காலத்தில் சுவர் என்றால் செங்கல் சுவர்தான். ஒன்பது அங்குலம். ஆணி அடித்தால் ஆணி வளையும். இப்போது பிள்ளைகள் வீட்டில் சுவரைத் தட்டிப் பாருங்கள், பல இடங்களில் 'டொக் டொக்' என்று காலிப் பெட்டி மாதிரி சத்தம் வரும். அது ஜிப்சம் போர்டு.

இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே ஜிப்சம் மாவைக் குழைத்து இறுக வைத்த பலகை, அவ்வளவுதான். சுவருக்குப் பெரும்பாலும் 12.5 மி.மீ. கனம். தகரச் சேனல்களை நிறுத்தி, இருபுறமும் பலகையைத் திருகி, இணைப்பில் டேப் ஒட்டிப் பட்டி பார்த்துவிட்டால் சுவர் தயார். சிமென்ட் இல்லை, தண்ணீர் விட்டு ஆற வைக்கும் வேலையும் இல்லை. பால்ஸ் சீலிங்குக்கும் இதேதான்.

காகிதம் என்பதால் தீப்பற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். தீ பட்டால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதுவரை மறுபக்கம் சூடு அதிகம் ஏறாது. ஆனால் ஈரம் இதற்கு ஆகாது. ஈரம் படும் இடத்துக்குப் பச்சை நிறத்தில் தனிப் பலகை உண்டு. அதையும் தண்ணீரில் ஊறவிடக் கூடாது.

மகன் தன் வீட்டு ஹாலைத் தடுத்து எங்களுக்கு ஓர் அறை போட்டுத் தந்தான். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டிலிலிருந்து எழ, சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும். வேலை செய்த பையன், "நாலு ஸ்க்ரூ போட்டா நிக்கும் சார்" என்றான்.

"தம்பி, இதைப் பிடிச்சு எழப்போறது ஒரு ஆள். போர்டு மட்டும் தாங்குமா?"

யோசித்தான். நல்லவேளை, அந்தப் பக்கம் இன்னும் மூடவில்லை. இரண்டு சேனல்களுக்கு நடுவே கனமான பிளைவுட்டை வைத்து முடுக்கி, அதன்மேல் போர்டை மூடினான். கைப்பிடியின் திருகு போர்டைத் தாண்டிப் பிளைவுட்டில் போய்ப் பிடித்தது. நான் முழு பலத்தோடு தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த வேலை நடந்தால், மூடுவதற்கு முன்பே கைப்பிடி, டிவி, அலமாரி எங்கே வரும் என்று சொல்லிவிடுங்கள். மின்விசிறிக் கொக்கி கான்கிரீட் தளத்தில்தான் இருக்க வேண்டும். மூடும் முன் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பட்டி பூசியபின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.