அறுபத்தோராவது பிள்ளை

வருஷப் பரீட்சை முடிந்துவிட்டதல்லவா? உங்கள் வீட்டில் இப்போது என்ன பேச்சு? நீச்சல் வகுப்பா, பாட்டி ஊர்ப் பிரயாணமா, அல்லது "இந்த வாண்டுகளை இரண்டு மாதம் வீட்டில் வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளப் போகிறேனோ!" என்ற பெருமூச்சா? எதுவானாலும் சரி, ஒரு கவலை மட்டும் உங்களுக்கு இராது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அதே வகுப்புக்கு அதே டீச்சர் இருப்பாரா, அல்லது அந்த டீச்சரின் நாற்காலியே போயிருக்குமா என்று நீங்கள் தூக்கம் கெட்டிருக்க மாட்டீர்கள். அப்படித் தூக்கம் கெட்டவர்களோடு இந்த ஏப்ரலில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்தேன்.

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, ஊத்தங்கரை தாண்டி, திருவண்ணாமலை போகிற சாலையில் சென்றால் சிங்காரப்பேட்டை வரும். ஒரு பக்கம் ஜவ்வாது மலை. இன்னொரு பக்கம் தென்மலைத் தொடர். நடுவே செங்கம் கணவாய். 1767-ல் ஹைதர் அலியின் சைனியமும் ஆங்கிலேயரின் சைனியமும் செங்கத்தில் மோதிக்கொண்டதைச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சைனியங்கள் வந்த வழி இதுதான். இப்போது இதே சாலையில் எதிர்த் திசையில் வேறொரு சைனியம் போகிறது. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் பலகை அடிக்கிறவர் எல்லாரும் பெங்களூருக்குப் போகிறார்கள். ஓலைப் பாயும் அலுமினியக் குண்டானும் பஸ்ஸின் மேலே, குழந்தை இடுப்பிலே. என் கதைக்கு இந்த இடுப்புக் குழந்தையின் அண்ணன்தான் முக்கியம்.

ஊருக்குச் சற்று வெளியே மாதா கோவில். அதையொட்டி ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம். அதுதான் பள்ளிக்கூடம். முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. பெயரைச் சொல்லப் போவதில்லை. "பிள்ளைங்க கொறையுதுன்னு பேப்பர்ல வந்துட்டா, இருக்கிறவங்களும் போயிடுவாங்க" என்று தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டார். அவர் ஒரு கன்னியாஸ்திரி. ஊர் முழுவதும் அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறது, மாரியம்மன் கோவில் பூசாரி உள்பட. பூசாரியின் பேத்தி அங்கேதான் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

நான் போன அன்றைக்கு மூன்றாம் பருவத் தேர்வு முடிகிற நாள். நீங்களும் நானும் எழுதிய வருஷப் பரீட்சையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெயில் என்ற பேச்சே கிடையாது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பது தமிழ்நாட்டு வழக்கம். மத்திய சர்க்கார் 2024 டிசம்பரில் ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நிறுத்தி வைக்கலாம் என்று விதியை மாற்றியபோதும் நம் ராஜ்யம் மாற்றிக்கொள்ளவில்லை. அதனால் பிள்ளைகளின் முகத்தில் பயம் இல்லை. ஒரு பையன் கணக்குத் தாளின் பின்பக்கம் அழகான ஜே.சி.பி. இயந்திரம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தான். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைக்கிறார்கள். எழுத்துக்கூட்டத் திணறினால் அரும்பு. தடையில்லாமல் வாசித்தால் மலர். "நான் மலரு!" என்று ஒரு குட்டிப் பெண் என்னிடம் வந்து சொல்லிக்கொண்டாள். அவள் பெயரே மலர் என்று நினைத்து விசாரித்தேன், பெயர் வேறு.

மறுநாள் ஐந்தாம் வகுப்புக்குப் பிரிவுபசாரம். கோவில் மரத்தடியில் பெஞ்சு போட்டுப் போட்டோ. ஆளுக்கு ஒரு லட்டு, ஒரு கைப்பிடி மிக்சர். போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் பெண்கள் அழுதார்கள். பையன்கள் லட்டைத் தின்றுகொண்டு நின்றார்கள். பங்குத் தந்தை வந்து இரண்டு வார்த்தை பேசினார். நல்லவேளை, இரண்டே வார்த்தை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது சிஸ்டரின் கண் மட்டும் வேறு எங்கோ இருந்தது. உதடு அசைந்தது. ஜபம் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அது என்ன எண்ணிக்கை என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கணக்கை விட இது எளிது. இப்படிப்பட்ட கோவில் பள்ளிகளில் கட்டடம் சபையுடையது, சம்பளம் சர்க்காருடையது. 1854-ல் லண்டனிலிருந்து சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையில் தனியார் பள்ளிகளுக்கு உதவித் தொகை கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தார். அந்த ஏற்பாடு பல உருமாறி இன்றும் நடக்கிறது. சர்க்கார் எத்தனை டீச்சருக்குச் சம்பளம் தரும் என்பது பிள்ளைகளின் தலையை எண்ணித்தான். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள்: ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 டீச்சர்; 61 முதல் 90 வரை 3 டீச்சர். எண்ணுகிற நாள் ஆகஸ்டு முதல் தேதி.

ஆக, அறுபத்தோராவது பிள்ளை ஒரு பிள்ளை அல்ல, ஒரு டீச்சர்! அந்தப் பிள்ளை ஆகஸ்டு முதல் தேதியில் பள்ளிக்கூடப் பட்டியலில் இல்லாவிட்டால் மூன்றாவது டீச்சர் 'உபரி' ஆகிவிடுவார். 'உபரி' என்பது அலுவலகச் சொல். பிறகு 'பணி நிரவல்' என்று சொல்லி அவரை எங்கேயோ ஓர் ஊருக்கு அனுப்புவார்கள். மிஞ்சுகிறவர்கள் இரண்டு பேர், வகுப்போ ஐந்து. அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியை. அவர் ஊத்தங்கரைக்கு அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஒரே டீச்சர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். மூன்று குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? அதை இருபதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது புரிகிறதல்லவா, பிரிவுபசாரத்தில் சிஸ்டர் ஏன் லட்டைத் தொடவில்லை என்று? ஐந்தாம் வகுப்புப் போகிறது. முதல் வகுப்புக்கு எங்கிருந்து ஆள் வரும்? ஊரில் பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டது. பிறக்கிற பிள்ளைகளை எல்.கே.ஜி.யிலேயே மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. "இங்கிலீஷ் மோகம்" என்று நாம் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறோம் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது! எனக்கென்னவோ வேனில் ஏற்றுகிற தாயைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் வேனை விடப் பெரிய போட்டி பெங்களூர்தான். கோடை லீவு விட்டதும் அப்பா அம்மா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். வேறு வழி? லீவில் பிள்ளைக்குச் சோறு யார் போடுவது? கட்டுகிற கட்டடத்தின் பக்கத்திலேயே தகரக் கொட்டகை. அங்கே தங்கை தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எட்டு வயதுப் பையன் அதற்குப் போதும். ஜூன் வருகிறது. கான்டிராக்டர் முன்பணம் கொடுத்திருக்கிறார். மூன்றாவது மாடி பாக்கி. பையன் வருவதில்லை. அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் பாடம் கன்னடத்தில். இங்கே பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் அவன் பெயர் கொஞ்ச நாளில் 'பொதுத் தொகுப்பு' என்ற இடத்துக்குப் போய்விடும். எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெயர் கிடக்கிற இடம் அது. பெயரைக் கேட்டால் எவ்வளவு சாதுவாக இருக்கிறது, பாருங்கள்!

முன்காலத்தில் மிஷன் பள்ளிக்கூடம் என்றால் கூடவே 'போர்டிங்' இருக்கும். பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம். இப்போது நினைத்த மாத்திரத்தில் இரண்டு பிள்ளைகளைக் கூட இரவில் தங்க வைக்க முடியாது. 2014-ல் வந்த விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். கட்டடம், காவல், கழிப்பறை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. விதி வேண்டியதுதான், குழந்தைகள் விஷயமாயிற்றே. ஆனால் ஓட்டுக் கூரைப் பள்ளிக்கு அது எட்டாக் கனி.

ஆகவே சிஸ்டரும் மூன்றாவது டீச்சரும் ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவதற்கு முன்னால் ஓர் ஆயாவைத் தேடுகிறார்கள். பயப்படாதீர்கள், இந்தப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அப்பா அம்மா பெங்களூருக்குப் போகட்டும். ஜூன் முதல் பிள்ளை ஆயாவிடம் இருக்கட்டும். இதைச் சொல்லிக்கொண்டு ஏப்ரல் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். டீச்சரின் கையில் ஒரு நீள நோட்டு; தலையில் குடை இல்லை, முந்தானைதான்.

நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இளம் பெண், மூன்று பிள்ளைகளுக்குத் தாய்.

"ராத்திரி வண்டிக்கா கெளம்புறீங்க?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க டீச்சர். மேஸ்திரி ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு."

"பெரியவன் ஜூன்ல வருவானில்லே? நாலாங் கிளாசு. நல்லா வாசிக்கிறான்மா."

அவள் பதில் சொல்லாமல் கயிற்றை இறுக்கினாள். பதில் திண்ணையிலிருந்து வந்தது. "என்னால முடியாது டீச்சரு. எனக்கே கண்ணு மங்கிப்போச்சு. காலங்காத்தால எழுந்து அடுப்பு மூட்டி இவனுக்கு ஆக்கிப்போட யாரு இருக்கா?"

டீச்சர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "ஆயா, காலையில நீ அடுப்பே மூட்ட வேணாம். எட்டு மணிக்கு அனுப்பி வுடு. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, ஸ்கூல்ல போட்டுடறோம். மத்தியானம் சோறும் முட்டையும் அங்கேயே. ராத்திரி ஒரு வேளைதான் உன் பொறுப்பு."

கிழவி யோசித்தாள்.

அந்த உப்புமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். மத்தியான உணவு காமராஜர் காலத்திலிருந்து நாம் அறிந்ததுதான்; 1982-ல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கினார். காலை உணவு 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது சர்க்கார் பள்ளிகளுக்கு மட்டும்தான். எதிரே இருக்கிற சர்க்கார் பள்ளியில் பொங்கல் வாசனை வரும்; உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு போவார்கள். 2024 ஜூலை 15-ந் தேதி, காமராஜர் பிறந்த நாளன்று, திருவள்ளூர் ஜில்லா கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் வைத்துக் கிராமங்களிலுள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கும் அதை விரித்தார்கள். அதுவும் ஒரு கோவில் பள்ளிக்கூடம்தான். மறு வருஷம், 2025 ஆகஸ்டில், மயிலாப்பூர் சூசையப்பர் பள்ளியில் தொடங்கி நகரத்துப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளின் பசிக்காக என்று எல்லாரும் சொன்னார்கள், சரிதான். ஆனால் கண் மங்கிய ஒரு கிழவி பேரனை வைத்துக்கொள்ளத் துணிவதற்கும் அது காரணமாகும் என்று சிங்காரப்பேட்டைத் திண்ணையில்தான் எனக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை?" என்றாள் கிழவி. கணக்கில் கெட்டிக்காரி.

டீச்சர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். சனியும் ஞாயிறும் பள்ளிக்கூடம் இல்லை, உப்புமாவும் இல்லை.

"அந்த ரெண்டு நாளு நம்ம வூட்டுக்கு வரட்டும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். டீச்சர் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாமியாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை எப்போது சொல்லப் போகிறாரோ!

பையன் இவ்வளவு நேரமும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். கணக்குத் தாளில் ஜே.சி.பி. வரைந்த அதே பையன்தான். பெங்களூரில் நிஜ ஜே.சி.பி.யைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்ற ஆசை அவனுக்கு. யாரும் அவனைக் கேட்கவில்லை.

தாய் மூட்டையை விட்டு எழுந்து வந்தாள். "மாங்கா சீசன்ல அவங்கப்பா எப்படியும் ஒருவாட்டி ஊருக்கு வருவாரு, டீச்சர். தோப்புக் குத்தகைக் கணக்கு இருக்கு. அப்ப பையனைக் கொண்டாந்து வுடச் சொல்றேன்" என்றாள். மேஸ்திரியின் போன் நம்பரையும் சொன்னாள். டீச்சர் நோட்டைப் பிரித்துப் பையனின் பெயருக்கு நேரே பென்சிலால் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன், "பேனா வைத்திருக்கிறீர்களே, ஏன் பென்சில்?"

"வந்து உக்காரட்டும்ங்க. அப்புறம் பேனாவில எழுதலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார் டீச்சர்.