காட்டுவழியும் தோட்சுமையும்

கதிர்காமத்து ஆடித் திருவிழாவைக் கருதிக் கிழக்குக் கரையோரமாக நடந்து செல்லும் அடியார்கள், பொத்துவிலையும் பாணமையையும் கடந்து உகந்தைமலை முருகன் ஆலயத்தை அடைகின்றனர். அதற்கப்பால் காடு. கூமுனை, நாவலடி, வியாழை, கட்டகாமம் என நீளும் அவ்வழியிலே கடையை நம்பிப் போதல் இயலாது. பல நாளைக்கு வேண்டியதை அவரவர் உடலே சுமக்க வேண்டும்.

உகந்தைக் கோயிலடியில் நாம் கண்டது இது: பலமுறை நடந்து பழகிய மூதாட்டியின் துணிப்பொதி மிகச் சிறிது; அருகே நின்ற இளைஞரின் பையோ அவர் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. எவ்வளவு சுமக்கலாம் என்னும் வினாவுக்கு வீட்டிலேயே விடை காண்பது நன்று.

நெடுவழி நடப்போர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு ஒன்றுண்டு. பல நாள் நடைக்கு உடல் நிறையில் ஐந்திலொரு பங்கு. ஒரு நாள் நடைக்குப் பத்திலொரு பங்கு. 50 கிலோ நிறையுள்ளவருக்கு முறையே 10 கிலோவும் 5 கிலோவும் எல்லையாகும். பையின் நிறையும் நீரின் நிறையும் இதனுள் அடங்கும்.

ஆயினும் இக்கணக்கு எல்லார்க்கும் ஒன்றாகப் பொருந்தாது. 90 கிலோ நிறையுள்ள பருத்த உடலினர் 18 கிலோ சுமக்கலாமென்று கணக்குச் சொல்லும். முழங்கால் அதற்கு இசையாது. மிகுதியான கொழுப்பு அவர் முன்னரே சுமக்கும் மூட்டையன்றோ? அத்தகையோர் தம் உயரத்துக்குத் தக்க நிறையையே அடிப்படையாகக் கொள்ளல் வேண்டும். சிறுவர்க்கும் முதியோர்க்கும் பத்திலொரு பங்கே போதும். முதுகு, முழங்கால் நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே துணிதல் நலம்.

ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. நான்கு லீற்றர் எடுத்தால், 10 கிலோவில் எஞ்சுவது ஆறே. எனினும் அவ்வெயிலில் நீரைக் குறைத்தல் உயிருக்கே ஊறு விளைக்கும். குறைக்கத்தக்கவை இரண்டாம் போர்வையும், மூன்றாம் உடையும், கனத்த பாத்திரமுமே. அரிசியையும் சமையற் கலங்களையும் குழுவினர் தத்தம் வலிமைக்கேற்பப் பகிர்ந்துகொள்ளலாம்.

பையின்றியும் பையோடும் நிறைகாட்டும் பொறியில் ஏறி நின்றால் சுமையின் அளவு தெரியும். பின்னர் அதைச் சுமந்து கடற்கரை மணலில் ஒரு மணிநேரம் நடந்து பார்க்க வேண்டும். உடன் வருபவரோடு பேச மூச்சு இடங்கொடாவிடினும், தோள் மரத்துப்போயினும், உடல் முன்னே வளையினும் சுமை மிகுதியென்று அறிக. இடுப்புப்பட்டியுள்ள பையாயின் அதனை இறுகக் கட்டிப் பாரத்தை இடுப்பிலே தங்கச் செய்க.

காட்டினிடையே ஒருவர் தளர்ந்தால் அவர் சுமையைப் பிறர் சுமக்க நேரும். சிலவேளை அவரையே சுமக்கவும் நேரும். ஆதலின் மாணாக்கரே, புறப்படுமுன் பையை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.