உடன்பிறந்தாள் துயர்

விருதுநகர் மாவட்டத்திலே, சிவகாசியைச் சுற்றிய ஊர்களில், வெடியினுள் அடைக்கும் பொடிக்கு ‘மருந்து’ என்பது பெயர். நோய் தீர்ப்பதையும் உயிர் கொள்வதையும் ஒரே சொல்லால் வழங்கும் விந்தை தமிழ் பயில்வார் சிந்தித்தற்குரியது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த அம்மருந்து சிறு உராய்வினாலேயே பற்றிக்கொள்ளும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் அது பற்றியபோது மாண்டவர் ஏறக்குறைய நாற்பதின்மர். உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்தோர் அவருட் பலர். அதனை உலகம் அறியும். ஒருவர் இருவர் மடியும் விபத்தோ செய்தித்தாளில் நான்கு வரியோடு தீர்ந்துபோம்.

அத்தகைய நான்கு வரிகளில் அடங்கியவள் என் சித்தி. அன்று வேலைக்குச் செல்லவேண்டியவர் என் தாயார். அவருக்குக் காய்ச்சல் கண்டமையால் தங்கை பதிலாகச் சென்றாள். அவ்வாரத்துச் சனிக்கிழமை கணக்கப்பிள்ளை கொடுத்தனுப்பிய கூலி உறை இன்றும் பிரிக்கப்படாமல் எங்கள் தகரப்பெட்டியில் இருக்கிறது. அதன்பின் தாயார் தமக்கென்று புதுச்சேலை எடுத்ததில்லை. கிறிஸ்துமஸ் இரவில் ஆலய முற்றத்திலே பிள்ளைகள் வாணம் விடுங்கால் எழுந்து உள்ளே போய்விடுவார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அக்கடனைத் தீர்க்கவோ என்று பலகால் ஐயுற்றிருக்கிறேன். நான் தேர்வில் நன்றாய்த் தேறினால் அவர் மகிழ்வதினும் பெருமூச்சு விடுவதே மிகுதி.

யோசேப்பின் சகோதரர், பல்லாண்டு கழித்து எகிப்திலே நின்றபோது, தம்பியின் துயரை நினைந்து கலங்கினர். அவர்கள் அவனை விற்றது மெய், ஆதலின் கலங்கினர். காய்ச்சலிற் கிடந்தவர் செய்த குற்றம் யாது?

பழி வேறிடத்து உளது என்பதே என் துணிபு. மருந்து அடைக்கும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. சித்தி இருந்த அறையில் அறுவர் இருந்தனர் என்று பிழைத்தோர் கூறினர். முதலிப்பட்டியிலோ, உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரும் வேலை நடந்தது. நெரிசலும் அவசரமும் கொன்ற உயிருக்கு ஓர் ஏழைப் பெண் தன் வாழ்நாளெல்லாம் வட்டி கட்டுவது எங்ஙனம் நீதியாகும்?

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் தாயாருக்கு எடுத்துரைத்தேன். “நீங்கள் போயிருந்தாலும் அறுவர்தாமே இருந்திருப்பார்கள், அம்மா” என்றேன். அவர் அரிசியிற் கல் பொறுக்கியவாறே பொறுமையாய்க் கேட்டார்.

“நீ சொல்வது சரிதான், ஐயா. ஆனால், நான் போயிருந்தால் அவள் இருப்பாள்” என்றார்.