சிவப்புக் குடை, வெள்ளைப் பொட்டு!

ஊட்டிக்குப் போனால் பொட்டானிக்கல் கார்டன், படகு சவாரி, வர்க்கி... இதுதானே வழக்கம்? எங்கள் ஆபீஸ் கோஷ்டியும் அப்படித்தான் கிளம்பியது. நடுவில் புகுந்து கலாட்டா செய்தது ஒரு காளான்!

மழை விட்டிருந்த காலை. ஊருக்குச் சற்றுத் தள்ளி, ரோட்டோரப் பைன் தோப்பில் வண்டியை நிறுத்தினோம். தரையெல்லாம் மெத்தை மாதிரி ஊசி இலைகள். நடுவே ஒரு குடை. ரத்தச் சிவப்பு, மேலே வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு. குழந்தைகள் கதைப் புத்தகத்தில் குள்ளர்கள் குடியிருப்பார்களே, சாட்சாத் அதே!

"மச்சி, ராத்திரிக்கு மஷ்ரூம் ஃப்ரை!" என்று குனிந்தான் நண்பன். "ஓரத்துல பூச்சி கடிச்சிருக்கு பாரு. அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நமக்கு மட்டும் என்ன ஆகப்போவுது?"

மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்: "தம்பி, வேணாம்! அது திங்கறதுக்கில்ல!"

ஊர் திரும்பி விசாரித்தேன். பெயர் அமானிட்டா மஸ்காரியா. லத்தீனில் 'மஸ்கா' என்றால் ஈ. ஐரோப்பாவில் இதைப் பாலில் கிள்ளிப் போட்டு ஈயை மயக்கிப் பிடிப்பார்களாம். மனிதன் தின்றால் இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, தலைசுற்றல், உளறல், அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். நத்தைக்கு ஒத்துக்கொள்வது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எந்தச் சட்டமும் இல்லை!

அந்தப் பொட்டு? பிறக்கும்போது காளானை முட்டை மாதிரி ஒரு வெள்ளை உறை மூடியிருக்கும். குடை விரியும்போது உறை கிழிந்து, துணுக்குகள் மேலே ஒட்டிக்கொள்ளும். பெருமழை அடித்தால் பொட்டு கழுவிக்கொண்டு போய்விடும். விஷம் போகாது.

நீலகிரியின் சொந்தச் சொத்து சோலைக் காடும் புல்வெளியும்தான். பைன் வந்தேறி; அங்கே நட்டிருக்கும் பைனஸ் பட்டுலா மெக்ஸிகோக்காரன். அவனோடு இந்தக் காளானுக்கு, காமர்ஸ் பாஷையில் சொன்னால், பார்ட்னர்ஷிப்! பூஞ்சை இழைகள் மரத்தின் பொடி வேர்களுக்குச் சட்டை போட்டு, மண்ணிலிருந்து தண்ணீரும் பாஸ்பரஸும் உறிஞ்சிக் கொடுக்கின்றன. மரம் தன் சர்க்கரையில் பங்கு தருகிறது. நாம் பார்க்கும் குடை, வித்துத் தூவ முளைக்கும் வெறும் போர்டு. கம்பெனி இருப்பது தரைக்கடியில். மரத்தை வெட்டினால் கம்பெனிக்குப் பூட்டு. ஆனால் நியூஸிலாந்தில், பைனோடு வந்த இந்தப் பார்ட்னர் உள்ளூர் பீச் மரங்களோடும் கணக்கு ஆரம்பித்துவிட்டான். விருந்தாளி வீட்டோடு தங்கிய கதை!

இவனாவது சிவப்பு விளக்கு போட்டு எச்சரிக்கிறான். இவன் பங்காளி அமானிட்டா ஃபல்லாய்டஸ், பார்க்கப் பரம சாது. ஐரோப்பாவில் பல உயிர்களைக் குடித்தவன். வேக வைத்தாலும் விஷம் சாகாது. ஆறு மணி நேரமாவது சும்மா இருந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டுவான். கடைசியில் கல்லீரலுக்கே உலை. ஆகவே பூச்சி கடித்ததா, கலர் எப்படி என்கிற பரீட்சையெல்லாம் காட்டுக் காளானிடம் செல்லாது. கண்ணால் பாருங்கள், போட்டோ எடுங்கள், வந்துவிடுங்கள்.

அன்றைக்கு ராத்திரி ஹோட்டலில் மஷ்ரூம் ஃப்ரை வந்தது. நண்பன் சர்வரை மூன்று தடவை கேட்டான்: "அண்ணே, இது பண்ணையில வளர்த்ததுதானே?"