26 வாரம்

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு வந்தது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கான பன்னாட்டு விதி வேறு கணக்கு வைத்திருக்கிறது: ஆறு மாதத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்யாமல் இருந்தால் ரேட்டிங் செல்லாது. சிக்கலில்லாத கர்ப்பமென்றாலும் 34-ஆவது வாரத்துக்குப் பிறகு மைக் முன்னால் உட்கார வேண்டாம் என்பது மருத்துவப் பரிந்துரை. பிரசவத்துக்குப் பின் மறுபடி மருத்துவப் பரிசோதனை. கூட்டிப் பார்த்தால், குழந்தை பெற்றுத் திரும்பும் எவளும் டிரெயினியாகத்தான் திரும்ப வேண்டும்.

விதியை நான் குறைசொல்ல மாட்டேன். ராடார் திரையில் ஒரு புள்ளி என்பது இருநூறு, முந்நூறு பேர். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உயரத்தில் ஆயிரம் அடியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் ஐந்து கடல் மைல். பத்துப் பன்னிரண்டு விமானங்களை இப்படி மனத்துக்குள் ஒரே படமாக வைத்திருக்கும் பழக்கம், ஆறு மாதத்தில் விட்டுப்போகும். கால் முறிந்து படுத்திருந்த ஆணுக்கும் இதே விதிதான். ஆனால் அவரிடம் யாரும், "வீட்டையும் பார்த்துக்கிட்டு இதையும் பார்க்க முடியுமா? பேசாம ஆபீஸ் வேலைக்கு மாத்திக்கங்களேன்" என்று கேட்டதில்லை. என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் பெண்.

எனக்கு இன்ஸ்ட்ரக்டராக வந்தவள் ஐந்து வருடம் இளையவள். அவள் டிரெயினியாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது நான். "அக்கா, உங்களுக்குப் போய் நான்..." என்று தயங்கினாள், முதல் நாள் மட்டும். இன்ஸ்ட்ரக்டர் நினைத்தால் டிரெயினியின் பேச்சை வெட்டித் தானே பேசலாம். சிலர் வெட்டிவிட்டு, அறை முழுக்கக் கேட்கத் திட்டவும் செய்வார்கள். ஒரு மாலை நெரிசலில் நான் பதினோராயிரம் அடி என்றேன். விமானி பத்தாயிரம் என்று திருப்பிச் சொன்னார். அவள் கை மேசை விளிம்புவரை வந்தது. நான் திருத்தினேன். கை மடிக்குத் திரும்பியது. தலைமைத்துவம் பற்றி எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாக எதிலும் பார்த்ததில்லை.

அந்த வகுப்புகளில் தவறாமல் வருவது டெனெரிஃப். 1977 மார்ச் 27, பனிமூட்டம். கே.எல்.எம். விமானம் புறப்பட ஓடத் தொடங்கிவிட்டது. எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் கேட்டார். கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சி விமானி. விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான், இளையவர் பேசவும் மூத்தவர் கேட்கவும் விமானிகளுக்குப் பயிற்சி வந்தது. 1990-களில் ஐரோப்பாவின் யூரோகன்ட்ரோல் அமைப்பு அதைக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் கொண்டுவந்தது. (வகுப்பு முடிந்து டீக்குப் போகும்போதே நாங்கள் பழையபடி 'சார் சொன்னா சரி' ஆகிவிடுவோம் என்பது வேறு விஷயம்.)

எனக்கு இது புதிதாகவே இருக்கவில்லை. முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைப் புடவை ஓடும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையும் ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஓர் ஆள் போதாது. அப்பா நெய்வார், அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். அம்மா "நில்லு" என்றால் அப்பாவின் கால் மிதியிலேயே நிற்கும். ஏன் என்று கேட்க மாட்டார். அந்த ஒரு சொல்லுக்கு இருந்த மதிப்பு தறியை விட்டு இறங்கினால் கிடையாது. கூட்டுறவு சங்கப் புத்தகத்தில் அப்பா பெயர் மட்டும். கூலியும் அவர் கையில்.

ரேட்டிங் திரும்பக் கிடைத்த வாரமே எனக்கு இரவு ஷிஃப்ட் போட்டார்கள். பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, கழிப்பறையில் பீய்ச்சி ஊற்றிவிட்டு வந்து மறுபடி ஹெட்செட் மாட்டியிருக்கிறேன். இதை எந்தக் குழுப் பயிற்சியிலும் படம் போட்டுக் காட்டவில்லை. என் இன்ஸ்ட்ரக்டரும் இன்னும் இரண்டு பேரும் தங்கள் பகல் ஷிஃப்டை எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதில் ஒருவர், ஆபீஸ் வேலைக்கு மாறச் சொன்ன அந்தப் பெண்.

அடுத்த மாதம் இன்னொருத்தி விடுப்பு முடிந்து வருகிறாள். இன்ஸ்ட்ரக்டர் நான். ரேட்டிங் கிடைத்தபின் மூன்று மாதம் அவளுக்கு இரவு ஷிஃப்ட் வேண்டாம், கதவு பூட்டும் ஓர் அறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறையைப் பார்த்துவைத்திருக்கிறார்கள். ஷிஃப்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.