வானத்துக்கு ஒரு டைம் கீப்பர்!

உங்க செட்டுல கண்டிப்பா ஒருத்தன் இருப்பான். ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில படுத்துக் கதையளந்துக்கிட்டு இருக்கும்போது ஃபிளைட் சத்தம் கேட்டா, பேச்சைப் பாதியில நிறுத்திட்டு அண்ணாந்து பார்ப்பான். ‘ஏர்பஸ்டா... சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்’னு பீலா விடுவான். மத்தவங்க தலையணையாலயே மொத்துவாங்க. அந்த மொத்து வாங்கின ஆளு நான்தான் பாஸ். வணக்கம்!

எனக்கு விமானப்படை பைலட் ஆகணும். ஏன், எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது. சின்ன வயசுல வந்த காய்ச்சல், விடவே இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் ஃபைனல் இயர்ல ‘ஆஃப்கேட்’ பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டேன். அதுல ஃபிளையிங் ஒரு பிரிவு, கிரவுண்ட் டியூட்டி டெக்னிக்கல் இன்னொரு பிரிவு. ‘ஒரு சேஃப்டிக்கு ரெண்டையும் டிக் பண்ணுடா’ன்னு ரூம்மேட் சொன்னான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். ‘ஏணி பிடிக்கவாடா நான் போறேன்?’

இந்த டயலாக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

எழுத்துத் தேர்வு பாஸ். இன்டர்வியூவுக்கு வடக்கே ஒரு ஊருக்கு வரச் சொன்னாங்க. மார்புல நம்பர் கட்டி ஓட விட்டாங்க, படத்தைக் காட்டி கதை எழுதச் சொன்னாங்க, குரூப்பா உட்கார வெச்சு பேச விட்டாங்க. முதல் நாளே பாதிக்கு மேல ஆளுங்க பெட்டியைத் தூக்கிட்டாங்க. கடைசி நாள் லிஸ்ட் வாசிச்சப்போ என் நம்பர் இருந்துச்சு! வீட்டுக்கு போன் பண்ணி அம்மாவை அழ வெச்சேன்.

அடுத்தது அந்த மெஷின். ஒரு கூண்டுக்குள்ள உட்கார வைப்பாங்க. கையில ஜாய் ஸ்டிக், காலுக்கு பெடல். திரையில ஓடுற புள்ளியை ஓட விடாம நடுவுல நிறுத்தணும். நடுநடுவே லைட் எரியும், சத்தம் வரும். அதையும் அணைக்கணும். பைலட்டுக்கான இயல்பான திறமை இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் இது. அரியர் எல்லாம் கிடையாது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான்.

என் கை சொன்னதைக் கால் கேட்கலை. புள்ளி என்னைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே ஓரமா ஓடிப்போச்சு.

அவ்வளவுதான். இருபத்தி ரெண்டு வயசுல, ‘இனிமே எப்பவும் முடியாது’ன்னு ஒரு கதவு சாத்தினா எப்படி இருக்கும்? எனக்கு அழுகைகூட வரலை. ரெண்டு நாள் ரயில்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து எலெக்ட்ரிக் கம்பம் எண்ணிக்கிட்டே வந்தேன்.

ஊருக்கு வந்தா, ஆளாளுக்கு ஒரே ஆறுதல்: ‘கலாமே பைலட் செலக்‌ஷன்ல தோத்தவர்தான் தம்பி!’ நிஜம்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிச்சுட்டு டேராடூன் போனார். எட்டு பேரை எடுத்தாங்க, அவர் ஒன்பதாவது. 2006-ல, குடியரசுத் தலைவரா இருந்தப்போ, புனேயில சுகோய்-30 விமானத்துல பறந்தார். அப்போ அவருக்கு வயசு 74. நல்ல கதைதான். ஆனா ஒரு நாளைக்கு ஒன்பது பேர் சொன்னா எவனுக்கும் கடுப்பாகும். எல்லாரும் கலாம் ஆக முடியுமா?

என்னை எழுப்பி விட்டது அப்பா. அவர் அரசு பஸ் டிரைவர். தேனி - மதுரை ரூட்ல பல வருஷமா ஓட்டுறார். ஒருநாள் டிரிப் முடிச்சு வந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டார்: “ஏண்டா, ஓட்டுறவன் மட்டும் இருந்தா வண்டி ஓடிடுமா?”

“அது இல்லப்பா...”

“நான் ஸ்டீயரிங் பிடிக்கிறேன், சரி. பிரேக் பார்த்து விடுறவன் டிப்போவுல இருக்கான். எந்த வண்டி எப்ப கிளம்பணும்னு சொல்றவன் பஸ் ஸ்டாண்டுல இருக்கான். அந்த டைம் கீப்பர் பத்து நிமிஷம் கண் அசந்தாம்னா, முன்னாடி வண்டியும் பின்னாடி வண்டியும் ஒண்ணா நிக்கும். சண்டை நாறிடும்டா. அவன் வண்டியில ஏறவே மாட்டான். ஆனா அவன் இல்லாம ஒரு வண்டி நகராது.”

எனக்கு சுருக்குனு குத்துச்சு. ‘ஏணி பிடிக்கவா போறேன்?’னு கேட்டது நான்தானே!

கட் பண்ணா... எம்.இ. சேர்ந்தேன். புராஜெக்டுக்கு கைடு கொடுத்த தலைப்பு ‘நாவிக் ரிசீவர்’. நம்ம நாட்டோட சொந்த வழிகாட்டி சாட்டிலைட் அமைப்புதான் நாவிக். வேண்டா வெறுப்பா படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, நான் வானத்தைத் தப்பாவே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்னு புரிஞ்சுது.

கார்கில் சண்டை, 1999. மே 26-ல நம்ம விமானப்படை களத்துல இறங்குச்சு. ஆபரேஷன் சஃபேத் சாகர்னு பேர். எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு அரசாங்கத்தோட கண்டிப்பான உத்தரவு. எதிரி உட்கார்ந்திருக்கிறது பனி மலை உச்சியில. முதல் மூணு நாளுக்குள்ள ரெண்டு போர் விமானம், ஒரு ஹெலிகாப்டர் போச்சு. அப்புறம்தான் மிராஜ்-2000 விமானத்துல லேசர் குண்டு மாட்டி, குறி பார்த்து அடிச்சாங்க.

அந்தச் சமயம் நாம அமெரிக்காகிட்ட ஜி.பி.எஸ். தகவல் கேட்டதாகவும், அவங்க தரலைன்னும் ஒரு கதை ஊரெல்லாம் சுத்தும். அந்தக் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். அதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. 2000-வது வருஷம் மே மாசம் வரைக்கும், மத்தவங்களுக்குப் போற ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்கா வேணும்னே கலைச்சுத்தான் அனுப்புச்சு. நூறு மீட்டர் வரைக்கும் தப்பு வரும். அவங்க ராணுவத்துக்கு மட்டும் சுத்தமான சிக்னல். ஒருநாள் அதிபர் கிளின்டன் ‘போதும், நிறுத்துங்க’ன்னார். உலகம் பூரா இடம் சரியாத் தெரிய ஆரம்பிச்சுது. யோசிச்சுப் பாருங்க... நாம எங்கே நிக்கிறோம்னு நமக்குச் சொல்ற சுவிட்ச், இன்னொருத்தர் வீட்டுச் சுவத்துல இருக்கு!

சரி, இந்த சாட்டிலைட் என்னதான் பண்ணுது? ரொம்ப சிம்பிள். ‘இப்போ மணி இவ்வளவு’ன்னு சொல்லிக்கிட்டே இருக்குது. அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு உங்க செல்போன் கணக்குப் போட்டு, அந்த சாட்டிலைட் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்குது. இப்படி குறைஞ்சது நாலு சாட்டிலைட் பேசினா நீங்க நிக்கிற இடம் ரெடி. ஒளி ஒரு மைக்ரோ செகண்டுல 300 மீட்டர் ஓடும். அதனால கடிகாரம் செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு பிசகினாலே, கேன்டீன்ல டீ குடிக்கிற உங்களை லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல நிக்கிறதா காட்டிடும். டிஸ்மிஸ்தான்! உங்களுக்கு டிஸ்மிஸ். ஒரு ஏவுகணைக்கு அதே 300 மீட்டர் என்னன்னு யோசிங்க. பதுங்கு குழிக்குப் பதிலா பள்ளிக்கூடம்.

இது எல்லாமே டைம் கீப்பர் வேலை பாஸ்!

அதனாலதான் நம்ம ஆளுங்க சொந்தக் கடிகாரத்துக்குப் பாடுபட்டாங்க. 2013 ஜூலையில முதல் சாட்டிலைட். 2016 ஏப்ரல்ல ஏழாவது. நம்ம நாடும், சுத்தி 1,500 கிலோமீட்டரும் அதோட எல்லை. கைதட்டி முடிக்கிறதுக்குள்ள அடி விழுந்துச்சு. முதல் சாட்டிலைட்ல இருந்த மூணு அணுக் கடிகாரமும் நின்னுபோச்சு. மூணுமே வெளிநாட்டுல வாங்கினது. அதுக்குப் பதிலா 2017 ஆகஸ்ட்ல ஒண்ணு அனுப்பினா, ராக்கெட்டோட மேல் மூடி கழலவே இல்லை. உள்ளேயே மாட்டிக்கிச்சு. விடலையே! அகமதாபாத்ல சொந்தமா ருபிடியம் கடிகாரம் செஞ்சு, 2023 மே 29-ல என்.வி.எஸ்.-01ல வெச்சு அனுப்பினாங்க. 2025 ஜனவரியில அடுத்தது போச்சு. ஸ்ரீஹரிகோட்டாவோட நூறாவது ஏவுதல். ராக்கெட் சரியா வேலை செஞ்சுது. ஆனா சாட்டிலைட்டோட வால்வு திறக்காம, போக வேண்டிய பாதைக்கே போக முடியலை. ஒரே ஒரு டெஸ்ட்ல தோத்துட்டு ரெண்டு மாசம் போர்வைக்குள்ள கிடந்த எனக்கு, இந்தப் பட்டியலைப் படிக்கப் படிக்க வெட்கமா இருந்துச்சு.

நாட்டுப் பாதுகாப்புன்னா நாம விமானத்தைத்தான் எண்ணுவோம். எண்ண வேண்டியதும்தான். நம்ம விமானப்படைக்கு 42 ஸ்குவாட்ரன் வேணும்னு கணக்கு. 1963-ல வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-ல சண்டிகர்ல விடைபெற்றப்போ மிச்சம் 29. தேஜஸ் மார்க் 1ஏ விமானம் 83 வேணும்னு 2021-லயே ஆர்டர் போட்டாச்சு. ஆனா இன்ஜின் அமெரிக்காவுலேர்ந்து வரணும், அது லேட். மறுபடியும் அடுத்த வீட்டு சுவிட்ச்!

ஆனா விமானத்துக்குக் கண், காது, வாய் எல்லாம் இன்னும் மேலே இருக்கு. மேகம் மூடினாலும், ராத்திரியானாலும் பார்க்கிற ரிசாட்-2, மும்பை தாக்குதல் நடந்த அஞ்சாறு மாசத்துல, 2009 ஏப்ரல்ல போச்சு. விமானப்படை தனக்குள்ள பேசிக்க ஜிசாட்-7ஏ, 2018 டிசம்பர்ல. 2019 மார்ச் 27-ல, நம்ம சாட்டிலைட் ஒண்ணையே ஏவுகணையால அடிச்சு நொறுக்கி, ‘எங்களாலயும் முடியும்’னு காட்டினோம். குப்பை சீக்கிரம் கீழே விழணும்னு சுமார் 300 கிலோமீட்டர் உயரத்துல அடிச்சாங்க. அப்படியும் சில துண்டுகள் மேலே எகிறுச்சு. 2007-ல சீனா எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல அடிச்சதுல ஆயிரக்கணக்கான துண்டுகள். அதுல நிறைய இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. அங்கே சண்டை வந்தா யாருக்கும் நல்லதில்லை. உங்க ஏ.டி.எம்., மீனவரோட படகு, அப்பாவோட பஸ்ஸுல இருக்கிற ஜி.பி.எஸ். பெட்டி... எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கு.

2025 மே மாசம் அந்த நாலு நாள் ஞாபகம் இருக்கா? ஹாஸ்டல்ல ராத்திரி பூரா செல்போனும் கையுமா இருந்தோம். டிரோன் கூட்டம் கூட்டமா வந்துச்சு. நாடு பூரா இருக்கிற ராடார் பார்க்கிறதை எல்லாம் ஒரே திரையில சேர்த்து, ‘இதை நீ அடி, அதை அவன் அடிக்கட்டும்’னு பிரிச்சுக் கொடுத்தது ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு. அந்தத் திரைக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தவங்க யாரும் பறக்கலை. எங்க ஃப்ளோர்ல சிலர் அதை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கைதட்டிப் பார்த்தாங்க. அதே நாட்கள்ல பூஞ்ச்ல பீரங்கிக் குண்டு விழுந்து வீட்டோட செத்துப்போன சாதாரண ஜனங்களும் உண்டு. வானம் காவலுக்குத்தான் வேணும். வேடிக்கைக்கு இல்லை. அன்னிக்குத்தான் எனக்கு அது உறைச்சுது.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். டிபார்ட்மென்ட் மொட்டை மாடியில ஆன்டெனாவைக் கட்டிட்டு, லேப்டாப்போட ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். சிக்னல் கிடைக்கவே இல்லை. கேபிள்ல ஒரு கனெக்டர் லூஸ். அதை மாத்தின சாயங்காலம், திரையில ஒரு கோடு மெல்ல நிமிர்ந்துச்சு. 36,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து நம்ம சாட்டிலைட் மணி சொல்லுது! போன தடவை ஓடிப்போன புள்ளி, இந்தத் தடவை நடுவுல வந்து நின்னுச்சு. அப்போதான் அழுகை வந்துச்சு.

அப்பாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் கொட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, ஒரே கேள்வி: “அந்தக் கடிகாரம் சரியா ஓடுதான்னு யாருடா பார்க்கிறா?”

பெங்களூருக்குப் பக்கத்துல பயலாலுன்னு ஒரு ஊர். ராத்திரி பகலா கீழே உட்கார்ந்து, மேலே இருக்கிற நேரத்தைச் சரி பார்க்கிறவங்க அங்கேதான் இருக்காங்கன்னு சொன்னேன்.

“அப்ப அங்கே ஒரு அப்ளிகேஷன் போட வேண்டியதுதானே?”

போட்டுட்டேன். விமானப்படையோட டெக்னிக்கல் பிரிவுக்கும் போட்டிருக்கேன். உங்க ஹாஸ்டல்ல அண்ணாந்து பார்க்கிற அந்த ஒருத்தன்கிட்ட சொல்லுங்க... ஃபிளையிங்கை டிக் அடிக்கட்டும், தைரியமா அடிக்கட்டும். கூடவே பக்கத்துல இருக்கிற கட்டத்தையும் டிக் அடிக்கட்டும். ஏணி பிடிக்கிறவன் இல்லாம எவனும் ஏறலை.