எதிரியின் கைச்சீட்டு

சீட்டாட்டத்தில் வென்றவன் யோகக்காரன், தோற்றவன் தலைவிதி கெட்டவன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவது நம்மவர் வழக்கம். இவ்வெண்ணம் எத்துணை மேலோட்டமானது என்பதை அறிய விரும்புவோர் போக்கர்ப் பந்தயங்களைச் சற்றே உற்று நோக்குவாராக. நாம் காசு வைத்து ஆடுபவரல்லோம். ஆயினும், அப்பந்தயங்களின் படக்காட்சிகளைக் கண்டு, ஆடுவோர் கையிலிருப்பதை ஊகித்துப் பார்ப்பதில் நமக்கு நெடுநாளைய ஈடுபாடு உண்டு.

இவ்வாட்டத்தின் பெயர்பெற்ற முறையில் ஒவ்வொருவரிடமும் மறைவாக இரண்டு சீட்டுகள் இருக்கும். பொதுவில் ஐந்து சீட்டுகள் விரிக்கப்படும். 52 சீட்டுகளில் இரண்டு சேரும் வகைகள் 1,326. தேர்ந்த ஆட்டக்காரன், எதிரியிடம் இருப்பது இன்ன சீட்டே என்று சோதிடங் கூறுவதில்லை. இருக்கக்கூடியவை இன்னின்னவை என ஒரு தொகுதியை மனத்தில் நிறுத்தி, எதிரி பணயம் கூட்டுவதையும் கூட்டாதிருப்பதையும் கண்டு அதனைச் சுருக்கி வருகிறான். இரண்டு ஏஸ் சேரும் வகைகள் 6. நம் கையில் ஓர் ஏஸ் இருப்பின் அவை 3 ஆகும். ஏஸும் ராஜாவும் சேரும் வகைகள் 16. அவையும் 12 ஆகக் குறையும். இது கணக்கு, குறி கேட்பதன்று.

ஆனால், கணக்கறிந்தவனையும் வீழ்த்தும் கண்ணி ஒன்று உண்டு. புலி பதுங்குவது பாய்வதற்கே அன்றோ? 1988-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் பந்தயத்தில், முந்தின ஆண்டே பட்டம் வென்றிருந்த ஜானி சானும் எரிக் சைடலும் இறுதியில் எதிரெதிரே அமர்ந்தனர். முதலில் பொதுவில் விழுந்தவை ராணி, 10, 8. சான் கையில் ஜாக்கியும் 9-உம். ஐந்தும் வரிசையாய் அமைந்துவிட்டன. அந்நிலையில் அதனை வெல்லும் கை வேறில்லை. சைடலிடம் ராணியும் 7-உம். அவருக்கு அமைந்தது ராணி ஜோடி. இருவர் மட்டும் ஆடுகையில் அதுவும் நல்ல கையே. சான் தம் வலிமையை மறைத்து, சைடலே முன்வரும்படி விட்டிருந்தார். முடிவில் சைடல் தம் வில்லைகள் அனைத்தையும் நடுவே தள்ளினார். சான் ஏற்றார், பட்டம் மீண்டும் அவருடையதாயிற்று.

சைடல் அறிவிற் குறைந்தவரல்லர். அத்தொடரின் பந்தயங்களில் 2023-ஆம் ஆண்டளவில் பத்து முறை வென்றவர். அத்தகையோரையும் அகப்படுத்துவது எது? எதிரியின் அமைதியைப் பலவீனமென்று கொள்ளும் மனம், வலிய சீட்டுகளைத் தொகுதியினின்று தானே நீக்கிவிடுகிறது என்பது நம் கருத்து. கண்ணி வைப்பவன் பிடிப்பது சீட்டையன்று, நம் ஆசையையே.

பதுங்குவோனுக்கும் இடருண்டு. பணயம் கூட்டாது விட்டால், எதிரி செலவின்றி அடுத்த சீட்டைக் கண்டு தன் கையை வலிதாக்கிக் கொள்ளவும் கூடும். ஆகவே எவரிடம் பதுங்குவது, எப்போது பாய்வது என்பதும் ஆராய்ச்சிக்குரியதே.

கடைத்தெருவிலும் தோட்டத்திலும் வாய்திறவாத ஒருவனை எதிர்ப்படும்போது, அவன் ஏதுமற்றவன் என்று நாம் எண்ணுவதற்குக் காரணம் அவன் செய்கையா, நம் விருப்பமா என்று வினவிக் கொள்வோமாக. சீட்டு விழுவது நம் வசத்திலில்லை. விழுந்ததைக் கொண்டு எதை நம்புவது என்பதோ முற்றிலும் நம் வசமே. அதனையும் விதியின் தலையில் சுமத்துதல் தகுமோ?